ஏழு கிழங்குகளும் ஒரு தோசைத் திருப்பியும்

மே மாதம் பிறந்து ஒரு வாரத்துக்குள் அத்தையிடமிருந்து எனக்கு ஒரு போன் வரும். "திருடி, உன் பூ வந்துடுத்து" என்பாள். அவ்வளவுதான், வைத்துவிடுவாள். நலம் விசாரிப்பதெல்லாம் மற்ற பதினொரு மாதங்களில். கல்யாணமான புதிதில் என் கணவர் இதைக் கேட்டு மிரண்டுபோனார். பெண் வீட்டில் எதையோ மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். பாவம், அவருக்கு விளக்கிச் சொல்ல ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று.

திருடியது உண்மைதான். அப்போது எனக்குப் பத்து வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அந்த வருடம் ஆவணியிலிருந்து அத்தையும் எங்களோடு இருந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அடையாறில் கட்டிக்கொடுத்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. குழந்தை இல்லை. ஆவணியில் அவர்கள் உறவில் ஒரு வளைகாப்பு நடந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வளையல் அடுக்க அத்தை எழுந்தபோது, அவளுடைய மாமியார், "நீ வேண்டாம், தள்ளி நில்லு" என்று சபையில் சொல்லிவிட்டார். அத்திம்பேர், அதாவது அத்தையின் கணவர், அங்கேயேதான் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. அவர் எப்போதுமே வாயைத் திறக்கமாட்டார் என்பதுதான் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்த ஒரே புகார். அத்தை வளைகாப்பு நடந்த சத்திரத்திலிருந்து அடையாறுக்குப் போகவில்லை. கையில் தாம்பூலப் பையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு நாள் கழித்து அவளுடைய புடவைகள் ஒரு பெட்டியில் ஆட்டோ ஏறி வந்தன. அதோடு ஒரு கடிதம்கூட இல்லை.

இதெல்லாம் நான் பெரியவளான பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, அத்தைக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் இங்கே இருப்பாள் என்பது மட்டும். உடம்பு சரியில்லாதவள் வெயிலில் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டிகளைக் கொத்திக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் அவள் வந்தபிறகு அம்மா என்னை வீட்டுக்கணக்கு போடச் சொல்லி விரட்டுவது குறைந்திருந்ததால் நான் அதை மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

பெட்டியில் எல்லாம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அடையாறு வீட்டின் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அத்தை ஒரு பாத்தி போட்டிருந்தாள். அதில் ஃபுட்பால் லில்லி. வெங்காயத்துக்கு அண்ணன் போல ஒரு கிழங்கு. வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, கத்திரி வெயில் கொளுத்துகிற மே மாதத்தில், இலைகூட இல்லாமல் மண்ணிலிருந்து ஒரு தண்டு கிளம்பும். அதன் தலையில் சிவப்பாக, பந்து அளவுக்கு ஒரு பூ. ஒரு கிழங்கை வைத்து ஆறு வருடத்தில் ஏழாக்கியிருந்தாள்.

புரட்டாசி பிறந்ததும் அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. மொட்டை மாடியில் தொட்டிகளுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவாள், தண்ணீர் வடிகிற ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிடுவாள், நடுவில் நிமிர்ந்து அடையாறு இருக்கிற திசையைப் பார்ப்பாள்.

"புரட்டாசிக்குள்ள எடுத்துடணும்டி. அந்த இடம் பள்ளம். ஐப்பசி மழைல ஒரு வாரம் தண்ணி நின்னா போறும், ஏழும் அழுகிக் கூழாயிடும்" என்றாள் ஒருநாள்.

"எடுத்து?"

"வேரைக் கிள்ளிட்டு, சாம்பல் தடவி நெழல்ல காய வெக்கணும். அப்புறம் காய்ஞ்ச மணல்ல போட்டு வெச்சா மாசி வரைக்கும் தூங்கும். மாசில எழுப்பி மண்ணுல வெச்சா மே மாசம் பூ." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஒரு தடவை நான் சாம்பல் தடவறதப் பார்த்துட்டு உங்க அத்திம்பேர், 'கிழங்குக்கெல்லாம் விபூதி பூசி சந்நியாசம் குடுக்கறயா'ன்னார். ஆறு வருஷத்துல அவர் அடிச்ச ஒரே ஜோக்."

 பிறகு தொட்டியையே கொத்திக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "தீபாவளி வரைக்கும் பார்க்கறேன். அவா பக்கத்துலேர்ந்து ஒருத்தரும் வரலேன்னா வக்கீலைப் போய்ப் பார்க்கறதுதான்" என்றார். அத்தை, "நானா போய் நிக்கமாட்டேன் அண்ணா" என்றாள். அம்மா மோர் ஊற்றினாள். எனக்கு இதில் வக்கீல் எதற்கு என்று புரியவில்லை. கிழங்கு அழுகுவதற்குள் யாராவது எடுத்துக்கொண்டு வரவேண்டும், அதுதானே பிரச்சினை. பெரியவர்கள் எதையும் சுற்றி வளைத்துத்தான் செய்வார்கள்.

வழி காட்டியவர் எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர். அத்தை தொட்டிகளுக்கான சாம்பலை அவரிடமிருந்துதான் வாங்கிவரச் சொல்வாள். அவருடைய தள்ளுவண்டியின் கூரைக்கம்பியில் ஒரு பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட் செழித்துத் தொங்கும். எங்கள் வீட்டில் அதே செடி நான்கு இலையோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ரகசியம் என்ன என்று கேட்டேன்.

"எங்க வாங்குனீங்க?"

"உன்னுது வாங்கிக்கினு வந்ததா? அப்ப வராது பாப்பா" என்றார் பெட்டியைத் தூக்கிக் கரியை ஊதிக்கொண்டே. "இத்தெல்லாம் சுட்டுகினு வந்து வெச்சாதான் புட்ச்சிக்கும். இது அதோ அந்த டாக்டரு வூட்டுல சுட்டது."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அது இன்னா திருட்டு? மண்ணுல வெக்கிற வரைக்கும் யாராண்டயும் மூச்சு வுடக் கூடாது."

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அத்தை போய்க் கேட்டு வாங்கினால் கிழங்கு வளராது. அப்பா போய்ச் சண்டை போட்டு வாங்கினாலும் வளராது. திருட வேண்டும். அதற்கு வீட்டில் தகுதியான ஆள் நான் ஒருத்திதான் இருந்தேன்.

நவராத்திரி வந்தது வசதியாகப் போயிற்று. அந்த ஒன்பது நாளும் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்தில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண், கையில் குங்குமச் சிமிழோடு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். "எங்காத்துல கொலு வெச்சிருக்கோம், வெத்தலை பாக்கு வாங்கிக்க வாங்கோ" என்று சொல்ல வேண்டும். அவர்கள் பாடச் சொல்வார்கள். பாடினால் சுண்டல். நான்காம் நாள் சாயங்காலம், சிநேகிதி வீட்டுக் கொலுவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சிமிழை ஒரு கையிலும், துணிப்பைக்குள் அம்மாவின் தோசைத் திருப்பியை மறைத்தும் எடுத்துக்கொண்டு அடையாறு பஸ் ஏறினேன்.  பாலத்தைத் தாண்டும்போது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

கதவைத் திறந்த மாமி, அதாவது அத்தையின் மாமியார், என்னைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோடடி வந்தே?"

"தனியா. எங்காத்துல கொலு வெச்சிருக்கோம், வெத்தலை பாக்கு வாங்கிக்க வாங்கோ."

"யார் கூப்பிடச் சொன்னா?"

எல்லா வீட்டிலும் சொல்வதை அங்கேயும் சொன்னேன். "ஆத்துலதான் சொன்னா."

அந்தப் பொய் எனக்கு ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. மாமி என் சிமிழிலிருந்து குங்குமம் எடுத்து வைத்துக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அவருடைய கொலு அந்த வருடம் மூன்றே படிதான். பாடச் சொன்னார். ஒன்று பாடினேன். இன்னொன்று என்றார். அதையும் பாடினேன். பிறகு இரண்டு தாம்பூலப் பைகளை எடுத்துவந்தார். ஒன்றில் ரிப்பனும் கண்ணாடி வளையலும். அது எனக்கு என்றார். இன்னொன்றில் மஞ்சள், பூ, கிளிப்பச்சையில் ஒரு நல்ல ரவிக்கைத் துணி.

"இது…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "இதையும் ஆத்துக்கு எடுத்துண்டு போ."

இரண்டு பாட்டுக்கு இரண்டு பை. நியாயமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். கை அலம்பிவிட்டு வருவதாகச் சொல்லிக் கொல்லைக்குப் போனேன்.

பாத்தி அத்தை சொன்ன இடத்திலேயே இருந்தது. இலைகள் பாதி பழுத்துச் சாய்ந்திருந்தன. முதல் கிழங்கு வருவதற்குள்ளேயே தோசைத் திருப்பி வில்லாக வளைந்துவிட்டது. அதை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அத்திம்பேர், ஆபீஸ் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அது தோசைத் திருப்பியா?" என்றார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆமாம்" என்றேன். "திருடறேன்."

"ஏன்? கேட்டா குடுக்கமாட்டோமா?"

"கேட்டு வாங்கினா வளராதாம். திருடினாத்தான் வளருமாம். மழை வந்தா ஏழும் அழுகிடும்னு அத்தை தெனமும் மாடிலேர்ந்து இந்தப் பக்கமே பார்த்துண்டிருக்கா."

 அவர் பையைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். போலீசுக்குப் போன் பண்ணப் போகிறார் என்று நான் முடிவு கட்டி, சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் கையில் மண்கொத்தி இருந்தது. வேட்டிகூட மாற்றாமல், ஆபீஸ் பேண்டோடு பாத்தியில் உட்கார்ந்து தோண்டத் தொடங்கினார்.

"நீங்க எடுத்துக் குடுத்தா அது திருட்டு ஆகாதே?" என்றேன் கவலையாக.

"ஏன், நானும்தான் திருடறேன்."

"உங்காத்துல நீங்களே எப்படித் திருட முடியும்?" என்று கேட்டுவிட்டு, எனக்கே விடை கிடைத்தது. "ஆனா இது உங்களோடது இல்லையே. அத்தையோட செடியாச்சே. அப்போ சரிதான்."

அவருடைய கை ஒரு கணம் நின்றது. பிறகு ஏழையும் ஒரு கீறல் விழாமல் எடுத்தார். வேரைக் கிள்ளினார். ஒரு தட்டில் போட்டு உள்ளே எடுத்துப் போய், கொஞ்ச நேரம் கழித்து நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "நான் எடுத்துக் குடுத்தேன்னு சொல்லிடாதே. திருடினதாவே இருக்கட்டும்" என்றார். ஸ்கூட்டரில் என்னை எங்கள் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நான் வாசலுக்குள் நுழையும்வரை இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் இஞ்சினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் பேப்பரைப் பிரித்துப் பார்த்தேன். கிழங்குகள் பவுடர் போட்டதுபோல் வெள்ளையாக இருந்தன. ஏதோ உரம் என்று நினைத்தேன். மண்ணில் வைக்கும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. விஜயதசமியன்று நல்ல நேரத்தில் நானே ரகசியமாக வைத்துவிட்டு, மே மாதம் அத்தையை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதாக எண்ணம். அதுவரை ஒளித்துவைக்க ஓர் இடம் வேண்டும்.

எங்கள் கொலுவுக்கு முன்னால் பார்க் கட்டுவது என் பொறுப்பு. அந்த வருடம் புல்வெளிக்காகக் கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளிக்க மறந்துபோய், பார்க் பாலைவனமாகக் கிடந்தது. இரண்டாவது பாட்டுக்குக் கிடைத்த கிளிப்பச்சைத் துணி தெய்வாதீனமாக வந்து சேர்ந்தது. அதை விரித்தேன். புல்வெளி தயார். அதன் ஓரத்தில், பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை அள்ளிவந்து ஒரு மலை. மலைக்குள் ஏழு கிழங்கு. மலையின் மேல் முருகன் பொம்மை. நடுவில் கைக்கண்ணாடி வைத்துக் குளம், கரையில் இரண்டு யானை. "ஏதுடி இந்தத் துணி?" என்று அம்மா கேட்டதற்கு, "ஃப்ரெண்டாத்துல குடுத்தா" என்றேன். தோசைத் திருப்பியைப் பற்றி மறுநாள் காலை தனியாக விசாரணை நடந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சாதித்துவிட்டேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் விளக்கேற்றிய நேரம். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமி இறங்கினார். கையில் பழத்தட்டு.

அம்மா சுண்டல் கரண்டியோடு அப்படியே நின்றாள். அத்தை உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டுச் சுவரோரமாக நகர்ந்துகொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் போனேன்.

"குழந்தையை அனுப்பிச்சுக் கூப்பிட்டேளே" என்றார் மாமி. குரல் அவருடையது போலவே இல்லை. "கூப்பிட்டதுக்கப்புறம் வராம இருக்கப்படாது, இல்லையா?"

கொலுவுக்கு அழைப்பது எங்களுக்கெல்லாம் சும்மா வார்த்தை இல்லை. சண்டை போட்ட வீட்டிலிருந்து குங்குமத்தோடு ஒரு பெண் குழந்தை வந்து கூப்பிட்டால், கூப்பிட்டது அந்த வீடே. மாமி இரண்டு நாள் யோசித்திருக்கிறார். யோசித்துவிட்டு வந்திருக்கிறார். அம்மாவுக்கு இந்த அழைப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவள் கதவுக்குப் பின்னால் தெரிந்த என் பாவாடை ஓரத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமாம் மாமி, நாங்கதான் அனுப்பிச்சோம். உள்ள வாங்கோ" என்றாள்.

பொய்யே சொல்லக் கூடாது என்று என் முதுகில் அடித்து வளர்த்த அம்மா, கண் இமைக்காமல் சொன்ன அந்தப் பொய்க்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மாமி ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். அம்மா மஞ்சள் குங்குமத் தட்டை எடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ குடுக்கட்டும். அவ கையால வாங்கிக்கத்தான் வந்தேன்."

அத்தை அசையவில்லை.

"அன்னிக்கு சபைல அப்படிச் சொல்லியிருக்கப்படாது. என் நாக்குல சனி" என்றார் மாமி, யார் முகத்தையும் பார்க்காமல், கொலுவைப் பார்த்துக்கொண்டு. பார்த்துக்கொண்டே இருந்தவர் கண் கீழே இறங்கி என் பார்க்கில் நின்றது. முகம் சுருங்கிவிட்டது. "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே. உனக்குன்னு குடுத்தனுப்பிச்ச துணியை இப்படித் தரையில போடணுமா?"

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தத் துணி?" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்குன்னு நெனச்சேன்" என்றேன். "ரெண்டு பாட்டு பாடினேனே."

அத்தை வந்து பார்க்குக்கு முன்னால் மண்டியிட்டாள். கிளிப்பச்சையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். முழு ரவிக்கைத் துணி. சுமங்கலிக்குக் கொடுக்கிற துணி. சட்டென்று பிடித்து இழுத்தாள். யானைகள் கவிழ்ந்தன. கண்ணாடிக் குளம் தலைகீழானது. மலை சரிந்து, முருகன் உருண்டு, அவருக்குப் பின்னாலேயே ஏழு கிழங்குகளும் தரையில் ஓடின.

அத்தை ஒன்றை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேர் கிள்ளியிருந்த இடத்தை நெருடினாள். காய்ந்த மணலில் பத்திரமாக இருந்ததால் வெள்ளைப் பூச்சு அப்படியே இருந்தது. மூக்குக்கிட்டே கொண்டுபோனாள்.

"இதுக்கு யாருடி விபூதி பூசினா?"

வாக்குக் கொடுத்திருந்தேனே. "நான்தான்" என்றேன்.

"பொய்" என்றார் மாமி. "பூஜை ரூம்ல சம்புடத்தோட விபூதி காலி. மறுநாள் காலம்பற எனக்கு இட்டுக்க ஒரு சிட்டிகை இல்லே. என் பிள்ளையைக் கேட்டா, 'ஆத்துல சாம்பல் இல்லேம்மா, என்ன பண்றது'ங்கறான். அவனும் அந்தப் பாத்தியைத் தெனமும் போய்ப் பார்த்துண்டு வந்து சாப்பிடாமதான் படுத்துக்கறான்."

அத்தை ஒரு கையில் துணியும் ஒரு கையில் கிழங்குமாகச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. கரண்டி இன்னும் கையிலேயே இருந்தது.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு அத்திம்பேர் வந்து அத்தையை அழைத்துக்கொண்டு போனார், கிழங்குகளை நியூஸ்பேப்பரில் சுற்றி. மாசியில் நட்டார்கள், பள்ளத்தில் இல்லை, மேட்டில். மே மாதம் ஏழும் பூத்தன. இப்போது அவற்றின் வாரிசுகள் எத்தனையோ வீட்டில். என் பால்கனியிலும் இரண்டு தொட்டி. புரட்டாசி வந்தால் நானும் தோண்டி எடுத்து, அத்தை கொடுத்தனுப்பும் விபூதியைப் பூசி, மணலில் தூங்க வைக்கிறேன். ஒரு சாயங்காலம் பாத்தியில் உட்கார்ந்த அந்த மனிதருக்கும், பழத்தட்டோடு ஆட்டோவில் ஏறிய மாமிக்கும், ஒரு பொய் சொன்ன அம்மாவுக்கும், டாக்டர் வீட்டில் மணி பிளான்ட் திருடியவருக்கும் சேர்த்து என் மனசில் ஒரு கும்பிடு.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் கண்ணில் பட்டது. நான் இரண்டு நாள் பாடுபட்டுக் கட்டிய பார்க் நாசமாகிக் கிடந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகையாக வந்தது. நிமிர்ந்தால் மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். என் பார்க்குக்காக இத்தனை பெரியவர்கள் இப்படி அழுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அத்தையின் தோளில் கை வைத்தேன்.

"பரவால்ல அத்தை, அழாதே" என்றேன். "நாளைக்கு வேற கட்டிக்கலாம்."